அம்மாவின் போட்டோ என்ன சத்தம் போடும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து வீடே கண்ணசந்து கிடந்த நேரம். உள்ளறையிலிருந்து திடீரென்று ஒரு சத்தம். தூரத்தில் மோட்டார் படகு போவது மாதிரி ஒரு 'டபடபடப'. அதற்கு மேலே, பழைய ரேடியோவில் ஸ்டேஷன் சிக்காதபோது வருமே, அந்த இரைச்சல். எழுந்து போய்ப் பார்த்தால், லீவுக்கு வந்திருந்த அக்கா மகள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன பாப்பா, ஸ்பீக்கர் போயிருச்சா?"

"இல்ல மாமா. குற்றாலம் போட்டோ ஓடிட்டு இருக்கு."

போட்டோ எங்கேயாவது ஓடுமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினாள். பாட்டு வெட்டி ரிங்டோன் செய்ய நாம் பயன்படுத்துவோமே, ஆடாசிட்டி, அந்த சாஃப்ட்வேர். அதில் ஒரு நீல நிற அலை நகர்ந்துகொண்டிருந்தது. பாட்டு ஃபைலுக்குப் பதிலாக 2014-ல் நாங்கள் குடும்பத்தோடு குற்றாலம் போனபோது எடுத்த போட்டோவை அதற்குள் தள்ளியிருக்கிறாள். ஐந்தருவி முன்னால் பச்சைப் புடவையில் அம்மா, பக்கத்தில் துண்டு கட்டிய நாங்கள்.

"இப்ப எக்கோ போடுறேன், பாருங்க" என்றாள். சினிமாவில் மலை உச்சியில் நின்று கத்தினால் திரும்பத் திரும்பக் கேட்குமே, அந்த எக்கோ. போட்டுவிட்டு, ஃபைலைச் சேமித்து, மறுபடி போட்டோவாகத் திறந்தாள்.

எல்லோருக்கும் மேலே அவரவர் நிழல் எழுந்து நின்றது. ஒன்றல்ல, அடுக்கடுக்காக, மேலே போகப் போக மங்கிக்கொண்டு. அருவி கீழே விழாமல் மேலே ஏறுகிற மாதிரி இருந்தது. நிறங்களெல்லாம் எகிறிப்போய் திருவிழாக் கடை பல்பு மாதிரி.

அழகாகத்தான் இருந்தது. ஆனால், எனக்கு அப்போது வந்தது கோபம்.

கோபத்துக்குக் காரணம் உண்டு

அந்தக் குற்றாலப் பயணத்தின் படங்கள் இருந்த மெமரி கார்டு சில வருடங்களுக்கு முன் மண்டையைப் போட்டுவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஐந்து வருடம் ஒரே கார்டைக் கேமராவிலும் லேப்டாப்பிலும் மாற்றி மாற்றிச் செருகி, ஒரு காப்பிகூட எடுத்து வைக்காதவன் நான்தான். ஒரு கடையில் கொடுத்து மீட்டதில் சில படங்கள் முழுசாக வந்தன. சில பாதி வந்தன.

பாதி வந்ததில் ஒன்று, அம்மா தனியாக நிற்கும் படம். தலை நனைந்து, யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். முகம் இருக்கிறது, தோள் இருக்கிறது. அதற்குக் கீழே ரோஸும் பச்சையுமாக நாலு பட்டை. பிறகு அடிவரை வெறும் சாம்பல். 2019-ல் அம்மா போன பிறகு, சுவரில் மாட்டுவதற்கு நாங்கள் தேடியது அந்தப் படத்தைத்தான்.

"இருக்கிற போட்டோவைக் காப்பாத்தவே வழியில்ல. நீ நல்லா இருக்கிறதை உக்காந்து கெடுத்துட்டு இருக்கியா?"

"காப்பி மாமா, ஒரிஜினலைத் தொடவே இல்ல" என்றாள் அவசரமாக. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாட்டி போட்டோ ஏன் அப்படி ஆச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

தெரியாது. கார்டு போனால் படம் போகும் என்பதோடு என் அறிவு முடிந்துவிட்டது. அன்று மாலை காபி ஆறும்வரை அவள் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாம் எண்கள்தான்

கம்ப்யூட்டருக்குப் படம் என்று ஒன்று கிடையாது, பாட்டு என்றும் கிடையாது. இருப்பது வரிசையாக எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இதற்குப் பெயர்தான் பைட். போட்டோ பார்க்கும் சாஃப்ட்வேர் அந்த எண்ணை 'இவ்வளவு வெளிச்சம்' என்று படிக்கிறது. ஆடாசிட்டி அதே எண்ணை 'ஸ்பீக்கர் இவ்வளவு அசையட்டும்' என்று படிக்கிறது. மளிகைக் கணக்கு நோட்டை எடுத்து ராகம் போட்டுப் பாடுவது மாதிரி. நோட்டுக்கு ஒன்றும் ஆகாது. பாடுகிறவர் பாடுகிறார், அவ்வளவுதான்.

இதற்கு வாகானது பி.எம்.பி என்கிற பழைய ஃபைல் வகை. சுருக்கவோ மடக்கவோ செய்யாமல், ஒவ்வொரு புள்ளிக்கும் நீலம் எவ்வளவு, பச்சை எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று மூன்று எண்களை அப்படியே எழுதி வைக்கும். 1,000 புள்ளி அகலம், 1,000 புள்ளி உயரம் உள்ள படத்தில் 30 லட்சம் எண்கள். ஆடாசிட்டி விநாடிக்கு 44,100 எண்கள் வீதம் படித்தால், அந்தப் படம் 68 விநாடி ஓடும். உங்கள் போனில் எடுத்த 12 மெகாபிக்ஸல் படத்தை இப்படி மாற்றினால் பதின்மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடும். சின்னக் கச்சேரி!

'டபடப' ஏன் வந்தது? படத்தின் ஒரு வரி 3,000 எண்கள். அடுத்த வரியும் ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும். பாறைக்குப் பக்கத்தில் பாறை, தண்ணீருக்குப் பக்கத்தில் தண்ணீர். ஆக, ஒரே மாதிரி துண்டு விநாடிக்கு 14, 15 தடவை திரும்ப வருகிறது. அதுதான் படகுச் சத்தம்.

நிழல் ஏன் மேலே போனது? பி.எம்.பி ஃபைல் படத்தைக் கீழிருந்து மேலாக எழுதுகிறது. கடைசி வரிதான் ஃபைலில் முதலில் வரும். எக்கோ என்பது சத்தத்தைக் கொஞ்சம் தாமதித்து மறுபடி சேர்ப்பது. ஃபைலில் 'பிறகு' என்றால் படத்தில் 'மேலே'. 1 விநாடி தாமதித்தால் 14 வரி மேலே, கூடவே 700 புள்ளி வலதுபக்கம் தள்ளி நிழல் விழும். கணக்கு போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது.

எனக்குப் பிடித்தது அடுத்து அவள் செய்தது. 'ரிவர்ஸ்' என்று ஒரு கட்டளை. பாட்டைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டும். போட்டதும் படம் தலைகீழாகத் திரும்பியது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால், அம்மா நெற்றியில் இருந்த குங்குமம் நீலமாகிவிட்டது! நீலம், பச்சை, சிவப்பு என்று இருந்த வரிசையைத் திருப்பினால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிவிடும் இல்லையா? சிவப்பும் நீலமும் இடம் மாறிக்கொண்டன. நடுவில் இருக்கும் பச்சைக்கு எதுவும் ஆகவில்லை. முகமெல்லாம் நீலம் பூத்து, புடவை மட்டும் அதே பச்சையில் இருந்தது.

சரி, பாட்டி போட்டோவுக்கு என்ன ஆச்சு?

பி.எம்.பி-யில் நடுவில் ஒரு எண்ணை மாற்றினால், அந்த ஒரு புள்ளி மட்டும் நிறம் மாறும். மற்ற 9,99,999 புள்ளிகளும் பத்திரம். நம் கேமராவும் போனும் சேமிப்பது பெரும்பாலும் ஜேபெக். அது இடத்தை மிச்சப்படுத்தும் ஃபைல். படத்தை 8-க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்சத்தையும் 'போன கட்டத்தைவிட இவ்வளவு கூட, இவ்வளவு குறைச்சல்' என்று எழுதும்.

ஒரு தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் இருந்தால், ஒரு பலகை விழுந்தாலும் மற்ற வீடுகளைக் கண்டுபிடித்துவிடலாம். 'பிள்ளையார் கோயிலிலிருந்து நாலாவது வீடு, அங்கிருந்து மூணாவது வீடு, அங்கிருந்து ரெண்டாவது வீடு' என்று வழி எழுதியிருந்தால்? நடுவில் ஒன்று தப்பினால் அதற்கப்புறம் எல்லாமே தப்பு. பி.எம்.பி கதவு எண். ஜேபெக் வழி சொல்வது. மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே வரும்போது, அம்மாவின் தோளுக்குக் கீழே எங்கோ எண்கள் அழிந்திருக்கின்றன. அங்கிருந்து நிறம் தடம் புரண்டு ரோஸ், பச்சைப் பட்டைகள். பிறகு படிக்கவே முடியாமல் போன இடத்தில் சாம்பல்.

"அந்தச் சாம்பலுக்குள்ள பாட்டி இல்லையா? எதையாவது போட்டு வரவைக்க முடியாதா?" இதைக் கேட்டது நான்தான்.

"இல்ல மாமா. அங்க ஒண்ணுமே இல்ல. இப்ப ஏஐ-ல வரைஞ்சு ஒட்டலாம். ஆனா அது பாட்டி கையா இருக்காது."

நிலாவிலிருந்து ஒரு ஃபேக்ஸ்

படத்தைச் சத்தமாக்குவதை ஏதோ இந்தக் காலத்துப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். பிப்ரவரி 1966-ல் ரஷ்யாவின் லூனா 9 நிலாவில் பத்திரமாக இறங்கி, நிலாத் தரையிலிருந்து முதல்முறையாகப் படம் அனுப்பியது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே உள்ள ஜோட்ரெல் பேங்க் ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் அந்த சிக்னலைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சந்தேகம். பத்திரிகை அலுவலகங்கள் போட்டோ அனுப்பும் ஃபேக்ஸ் மெஷின் சத்தம் மாதிரியே இருக்கிறதே? 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையிடம் ஒரு மெஷினைக் கேட்டு வாங்கி இணைத்தார்கள். நிலாவின் பாறைகள் காகிதத்தில் வந்தன. ரஷ்யா வெளியிடும் முன்பே படம் லண்டன் பேப்பரில்! அகல, உயர அளவு சரியாக அமையாததால் படம் கொஞ்சம் நசுங்கியிருந்தது என்பது வேறு விஷயம்.

1977-ல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்களில் தங்க முலாம் பூசிய இசைத்தட்டு இருக்கிறதே, அதில் கேசர்பாய் கேர்கரின் பாட்டும் 55 மொழி வணக்கங்களும் மட்டும் இல்லை. தாஜ்மகால் உட்பட 115 படங்களும் இருக்கின்றன. எல்லாம் சத்தமாகத்தான் பதியப்பட்டிருக்கின்றன. கிராமபோனில் ஓட்டினால் நம் வீட்டில் கேட்ட இரைச்சலின் பங்காளிதான் கேட்கும். (அந்த 55-ல் தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு. தமிழ் இல்லை. எனக்கு அதில் இன்னும் வருத்தம்.)

அவை படம் ஒழுங்காகப் போய்ச்சேர வேண்டும் என்று செய்தவை. வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பதற்கும் ஒரு பரம்பரை உண்டு. கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் 1965-ல் ஒரு டிவி பெட்டியின் மேல் பெரிய காந்தத்தை வைத்தார். திரையில் கோடுகள் வளைந்து நெளிந்தன. 'மேக்னட் டிவி' என்ற அந்தப் படைப்பு இன்று நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நானும் சின்ன வயதில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எங்கள் வீட்டுக் கலர் டிவி பக்கத்தில் கொண்டுபோனேன். மூலையில் ஊதா நிறம் படிந்தது. எனக்குக் கிடைத்தது முதுகில் இரண்டு.

கம்ப்யூட்டர் காலத்தில் இதற்கு 'கிளிட்ச் ஆர்ட்' என்று பெயர் வந்துவிட்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த ரோசா மெங்க்மன் 2010-ல் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தன் முகப் படம் ஒன்றை எடுத்து, ஜேபெக், பி.எம்.பி, பி.என்.ஜி என்று வெவ்வேறு ஃபைல் வகைகளில் சேமித்து, ஒவ்வொன்றிலும் தவறைப் புகுத்திப் பார்த்தார். ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமாக உடைந்தது. வெளியே ஒரே முகம். உடைந்தால்தான் உள்ளே யார் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகம் அதை வாங்கி வைத்திருக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்தபோது, எங்கள் வீட்டுச் சாம்பல் படத்தின் உறவுக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

நீங்களும் செய்யலாம்

இதற்குக் கம்ப்யூட்டரோ லேப்டாப்போ வேண்டும். போனில் 'கிளிட்ச்' என்று தேடினால் பத்து ஆப் வரும். அவை எல்லோர் முகத்திலும் ஒரே கோட்டைக் கிழிப்பவை. வாசலில் கோலம் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கும் புள்ளி வைத்துப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு. ஆடாசிட்டி இலவசம். 1999-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பெர்க் இருவரும் தொடங்கியது.

முதலில் படத்துக்குக் காப்பி எடுங்கள். இதை இரண்டு தடவை படியுங்கள். காப்பியைச் சின்னதாக்கி, விண்டோஸ் பெயின்ட்டில் திறந்து '24 பிட் பிட்மேப்' ஆகச் சேமியுங்கள். ஆடாசிட்டியில் 'இம்போர்ட்' என்பதற்குள் 'ரா டேட்டா' இருக்கும். அதில் அந்த ஃபைலைக் காட்டினால் எப்படிப் படிக்க வேண்டும் என்று கேட்கும். 'யு-லா' என்பதையும் 'மோனோ'வையும் தேர்ந்தெடுங்கள். யு-லா என்பது டெலிபோன் பேச்சை எட்டு பிட்டில் அடக்குவதற்காக வந்த முறை. நம் ஊர் எக்ஸ்சேஞ்சுகளில் இருந்தது அதன் தம்பி ஏ-லா. அதுவும் ஓடும். ஆனால், எதில் உள்ளே எடுத்தீர்களோ அதிலேயே வெளியே அனுப்ப வேண்டும்.

ஓட்டிக் கேட்பதற்கு முன் வால்யூமைக் குறைத்துவிடுங்கள். இயர்போன் வேண்டவே வேண்டாம். நான் பட்டது போதும்.

அலையின் தொடக்கத்தை மட்டும் தொடாதீர்கள். பெயின்ட் சேமிக்கும் ஃபைலில் முதல் 54 எண்கள் முகவரிச் சீட்டு மாதிரி. 'நான் பி.எம்.பி, என் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு' என்று அதில்தான் எழுதியிருக்கும். அதையும் சேர்த்து எக்கோ போட்டால் படம் திறக்கவே திறக்காது. அதைத் தாண்டி ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து எக்கோ, ரிவெர்ப், ஃபேஸர் எது வேண்டுமானாலும் போடுங்கள். வேகத்தை மாற்றும் கட்டளைகள் ஃபைலின் நீளத்தையே மாற்றிவிடும். முதல் நாளே அதில் கை வைக்க வேண்டாம். முடிந்ததும் 'எக்ஸ்போர்ட்' போய், 'அதர் அன்கம்ப்ரஸ்டு ஃபைல்ஸ்' வகையில், ஹெடர் 'ரா', என்கோடிங் 'யு-லா' என்று கொடுத்துச் சேமித்து, பெயரின் கடைசியில் .பிஎம்பி என்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் போட்டுத் திறந்தால், வந்துவிடும்.

வருவது நன்றாக இருக்குமா? பெரும்பாலும் இருக்காது. நான் அன்று இரவு இருபது படம் கெடுத்தேன். பதினெட்டு, கலர் பெயின்ட் கடை ஷட்டர் மாதிரி இருந்தன. இரண்டு மட்டும் பிடித்திருந்தன. ஒன்றை அக்கா தன் போன் வால்பேப்பராக வைத்திருக்கிறாள். எது எங்கே போய் விழும் என்று போடுவதற்கு முன் நமக்குத் தெரியாது. அதனால்தான் பன்னிரண்டு மணி வரை உட்கார வைக்கிறது.

எல்லோரும் தூங்கிய பிறகு, அந்தச் சாம்பல் படத்தைக் காப்பி எடுத்தேன். 1,000-க்கு 1,000 புள்ளியாக வெட்டி, பெயின்ட்டில் மாற்றி, ஆடாசிட்டிக்குள் கொண்டுவந்தேன். எக்கோ எதுவும் போடவில்லை. வால்யூமைக் குறைத்து ஓட்டினேன்.

முதலில் ஒரு சின்ன 'டிக்'. பிறகு எதுவும் இல்லை. சாம்பல் முழுக்க ஒரே எண், அசைவே இல்லை, அதனால் சத்தமும் இல்லை. திரையில் அலைக்குப் பதில் நேர்கோடு. கீழிருந்துதானே படம் தொடங்கும்? 27 விநாடி அப்படியே போனது. அப்புறம் ஒரு உறுமல். அது அந்த ரோஸ், பச்சைப் பட்டைகள். 38-வது விநாடியிலிருந்து 48 வரை அம்மாவின் முகம். தனியாக ஒன்றும் கேட்கவில்லை, அதே படகுச் சத்தம்தான். அதைத் தாண்டி வெள்ளையாகத் தண்ணீர் விழும் இடம் வந்ததும் சத்தம் தணிந்தது.

மறுநாள் காலை அக்கா மகளிடம் சொன்னேன். லேப்டாப்பை வாங்கி அந்தப் பத்து விநாடியை மட்டும் வெட்டித் தனி ஃபைலாக்கிக் கொடுத்தாள். என் போனில் அக்காவின் எண்ணுக்கு இப்போது அதுதான் ரிங்டோன். "ஸ்பீக்கர் போயிருச்சா சார்?" என்று ஆபீஸில் கேட்கிறார்கள்.